ஊசி போடாத குழந்தைகளும் தப்பித்த ஊர்

கொரோனா காலத்தில் நான் மறக்கவே முடியாத ஊர், பிரேசிலின் செர்ரானா. சாவோ பாவ்லோ மாநிலத்தில் சுமார் 45,000 பேர் வாழும் சிறிய ஊர். 2021இல் புட்டான்டன் ஆய்வு நிறுவனம் அங்கே பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொரோனா தடுப்பூசி போட்டுப் பார்த்தது. ஊரை நான்கு குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு குழு. மூன்று குழுக்கள் இரண்டு ஊசியும் போட்டு முடித்ததும், அதாவது பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர், தொற்று அடங்கியது. இறப்பு 95 சதவீதம் குறைந்தது. பக்கத்து ஊர்களில் அப்போது நோய் ஏறிக்கொண்டிருந்தது!

என் நெஞ்சைத் தொட்டது வேறு. ஊசியே போடாத குழந்தைகளிடமும் தொற்று குறைந்தது. கிருமி தாவ ஆள் கிடைக்கவில்லை.

அப்போது என் அக்கா மகளுக்கு மூன்று வயது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் ஊசிக்குப் பதிவு செய்தேன்.