எங்கள் ஊர் வாட்டர் வாஷும் சேற்றுக் குழியும்

மன்னார்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரோட்டோரம் இருந்த எங்கள் பழைய களத்தில் டிராக்டர், அறுவடை மிஷின் கழுவுகிற வாட்டர் வாஷ் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆள் வைத்துக் கழுவிப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. வேலைக்கு இருந்த பையன்கள் இரண்டு பேரும் திருப்பூர் போய்விட்டார்கள். அதன்பிறகுதான், தண்ணீர் பீய்ச்சுகிற கன்னை அவரவரே பிடித்துக் கழுவிக்கொள்ளட்டும், நிமிஷக் கணக்கில் காசு வாங்கலாம் என்று மாற்றினேன். 10 நிமிஷத்துக்கு 60 ரூபாய். இதேபோல் தொடங்க நினைத்து விசாரிக்கிறவர்களுக்காக நான் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் கரண்ட். பக்கத்திலேயே விவசாய மோட்டார் கொட்டகை இருந்தாலும் அந்த இலவச மின்சாரத்தை இதற்குத் தொடக்கூடாது. தனியாக வணிக இணைப்பு, மும்முனையில் வாங்குங்கள். கூடவே, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடுகிற சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் மாட்டிவிடுங்கள். முதல் மழையில் ஒரு பேஸ் போய் என் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிய பிறகுதான் நான் அதை மாட்டினேன்.

பம்பு மூன்று பிஸ்டன், மோட்டார் 5 எச்பி. தொழில் தெரிந்தவன் கையில் இருக்கிற கன் வேறு, வருகிறவர் கையில் இருக்கிற கன் வேறு. விசையை விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நிற்பார்கள், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே போகாத தண்ணீர் பைபாஸ் வழியாகத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பு குழாயை நான் பம்பின் உறிஞ்சு குழாயிலேயே சேர்த்திருந்தேன். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடேறி, இரண்டே மாதத்தில் சீல் போய்விட்டது. தஞ்சாவூர் மெக்கானிக் குழாயில் கையை வைத்த உடனே கண்டுபிடித்துவிட்டார். இப்போது திரும்பு தண்ணீர் மேல் டேங்குக்கே போகிறது. டேங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக நிற்க ஒரு மிதவை சுவிட்சும் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் காசு கொடுத்தால் தீர்கிற விஷயம். என்னை உண்மையிலேயே உலுக்கியது சேறு.

எங்கள் பக்கம் களிமண். அறுவடை முடித்து வருகிற சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடுகிற ஒரு மிஷினிலிருந்து ஏழெட்டுக் கூடை சேறு விழும். அதோடு கிரீஸ், டீசல், ஆயில். நான் ஒரே ஒரு குழி வெட்டி, மேல்மட்டத்தில் குழாய் வைத்து ரோட்டோர வாய்க்காலில் விட்டிருந்தேன். ஐப்பசி மழையில் குழி நிரம்பி, வாய்க்கால் வழிந்து, பக்கத்து வயலின் தாளடி நெல் நாற்றங்காலுக்குள் போய்விட்டது. அந்த வயல்காரர் எனக்குப் பெரியப்பா முறை. கோபமாகக்கூடப் பேசவில்லை. "தம்பி, நாத்துல எண்ணெய் மெதக்குது, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். தண்ணீரில் வானவில் மாதிரி படலம், தாளில் கறுப்புப் பிசுக்கு. அந்த மூலை நாற்று முழுதும் வீண். வேறு நாற்று வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

இருபது நாள் மூடிவைத்து மூன்று குழி கட்டினேன். முதல் குழியில் கனமான சேறு தங்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகிற 4 அங்குல பிவிசி குழாயின் வாயில் எல்போ மாட்டி, அதை நீர்மட்டத்துக்குக் கீழே திருப்பி வைத்தோம். எண்ணெய் மேலே மிதக்கும், குழாய் அடியிலிருந்து தண்ணீரை மட்டும் எடுக்கும். மிதக்கிற எண்ணெயை வழித்துக் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுக்கிறேன். களிமண் தண்ணீர் லேசில் தெளியாது. அப்பாயி குடத்துத் தண்ணீரில் செய்ததுபோல் படிகாரத்தைத் துணியில் கட்டி இரண்டாவது குழியில் தொங்கவிட்டேன். தெளிவதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. மூன்றாவது குழித் தண்ணீரை வண்டி ஊறவைக்கத் திரும்பப் பயன்படுத்துகிறேன், கடைசி அலசலுக்கு மட்டும் போர்வெல் தண்ணீர். வாய்க்கால் குழாயைச் சிமெண்டு வைத்து அடைத்தாகிவிட்டது.

ஊறவைப்பதுதான் இதில் முக்கியமான இடம். காய்ந்த சேற்றை நேராகக் கன்னால் அடித்தால் தண்ணீரும் நேரமும்தான் போகும். முதலில் வெளித்தளத்தில் கம்பியால் சுரண்டச் சொல்கிறேன். பிறகு ஒருமுறை நனைத்துக் கால்மணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது, டைமரை நிறுத்திவிடுவேன். முன்னே முப்பது நிமிஷம் பிடித்த டிராக்டர் இப்போது பதினைந்தில் முடிகிறது. என் வருமானம் குறைகிறது என்று வீட்டில் சொன்னார்கள். தண்ணீர் மிச்சம், பம்புக்கும் ஓட்டம் பாதி. எனக்கு அது போதும்.

கன்னை முதல்முறை பிடிக்கிறவரிடம் மூன்றை மட்டும் சொல்லிவிடுவேன்: ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள், தகடு மடங்கிவிடும். டைனமோ, ஏர் கிளீனர் பக்கம் போகாதீர்கள். கொதிக்கிற இன்ஜினில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் எனக்குக் கூட்டம் குறையும். நிறையப் பேர் டிராக்டரைப் பாமணி ஆற்றிலேயே இறக்கிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாற்றங்கால்தான் ஞாபகம் வருகிறது. தெரிந்தவர்களிடம் மட்டும், "அங்க வேண்டாண்ணே, காசில்லாட்டியும் பரவாயில்ல, இங்க வாங்க" என்று கூப்பிடுகிறேன். சிலர் வருகிறார்கள்.

போன தை அறுவடையில் ஆத்தூரிலிருந்து வந்த மிஷின்காரர்கள் சாயங்காலமே வண்டியை நனைத்து நிறுத்திவிட்டு, விடிந்து கழுவிக்கொண்டு போனார்கள். அவர்கள் வெளித்தளத்தில் சுரண்டிப் போட்ட மண்ணில் எண்ணெய் வாடை இல்லை. பெரியப்பா அதைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, வரப்பு போட அள்ளிக்கொண்டு போனார்.