புகைச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறினால்

மோட்டார் சைக்கிளுக்கு வரி அனுமதிப்பத்திரம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது, தண்டம் விழுவதற்குச் சற்று முன்னால். அதை எடுக்க இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் வேண்டும். இன்சூரன்ஸில் சிக்கல் இல்லை. புகைப் பரிசோதனையும் சும்மா சொல்லக்கூடாது, சட்டென்று முடிந்தது. கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் அளவுக்குள் இருந்தன, டெஸ்ட் பாஸ்.

வினை சான்றிதழில் இருந்தது. வாகன இலக்கத்தில் ‘கியூ’ வரவேண்டிய இடத்தில் ‘ஓ’ அடித்திருந்தார்கள். அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கந்தோரில் இருந்த தங்கச்சி கணினியில் தேடிவிட்டு, “உங்கட வாகனத்துக்குப் புகை டெஸ்ட் செய்ததாகவே காட்டேல்லை அண்ணா” என்றார். தாளை நீட்டினேன். தாளை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது, பரிசோதனை நிலையத்தார்தான் திருத்த வேண்டுமாம். கொதிக்கிற வெயிலில் திரும்பவும் பரிசோதனை நிலையத்துக்குப் போனால், “கொழும்பிலதான் மாத்தலாம் அண்ணா, அவசரமெண்டா இன்னொருக்காக் காசு கட்டிச் செய்யுங்கோ” என்கிறார் அங்கிருந்த தம்பி.

இலங்கையில் 2008இல் தொடங்கிய காலம் முதலே இந்தப் பரிசோதனை தனியார் கையில்தான். அதை நான் குறை சொல்லவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமே கருவி வாங்கி ஆள் போட்டிருந்தால் திருகோணமலைக்கு எப்போது வந்து சேர்ந்திருக்குமோ. ஆனால் வேலையை வெளியே கொடுத்தவர்கள் பிழை திருத்தும் வழியையும் சேர்த்தல்லவா கொடுத்திருக்க வேண்டும்? கந்தோருக்குத் திருத்த அதிகாரம் இல்லை, நிலையத்துக்கு எங்கள் முடிவுத் திகதியைப் பற்றி அக்கறை இல்லை. பிழை விட்டது அவர்கள், தண்டம் கட்டுவது நாங்களா?

என்னைக் காப்பாற்றியது ரசீதுதான். அதில் இலக்கம் சரியாக இருந்தது. அதையும் வாகனப் பதிவுப் புத்தகப் பிரதியையும் நிலையத்து மேசையில் வைத்து, இன்னொரு சதமும் தரமாட்டேன், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று நின்றேன். அவர் வந்து இரண்டையும் படமெடுத்து அனுப்பினார். அடுத்த நாளே திருத்தம் ஏறியது. அப்புறம் கந்தோரில் பத்து நிமிட வேலை.

சான்றிதழ் கையில் கிடைத்ததும் இலக்கத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், பிழை இருந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ரசீதை எறிய வேண்டாம். வரி அனுமதிப்பத்திரத்தை இணையத்தில் எடுக்கலாம் என்று இருப்பவர்களுக்கும் இதுதான் கதி, பரிசோதனைத் தரவு இலக்கத்தோடு பொருந்தாவிட்டால் அங்கும் நகராது. திகதி முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே புகைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.