சாவி யார் பையில் இருக்கிறது?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலையில் இருந்தபோது நடந்தது இது. நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் சேர்க்கும் ஹியுமிடிபிகேஷன் பிளான்ட்டில் ஒரு ஃபேன் மோட்டார் சூடாகிறது என்று சொன்னார்கள். பேனலில் பிரேக்கரை இறக்கி, கைப்பிடியில் "ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்ச் போடாதீர்கள்" என்ற அட்டையை மாட்டிவிட்டுப் போய், மோட்டாரில் ஒயர்கள் சேரும் டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். முதல் நட்டை இளக்கிவிட்டு, ஸ்பேனர் மாற்றலாம் என்று கையை வெளியே எடுத்த அந்த நொடியில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. 415 வோல்ட். கை இன்னும் உள்ளே இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

பிரேக்கரைத் தூக்கி, பச்சைப் பட்டனையும் அழுத்தியது ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பையன். உள்ளே நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஃபேன் ஏன் நிற்கிறது என்று யாரோ சத்தம் போட, ஓடிவந்து போட்டிருக்கிறான். அட்டை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவனுக்கு இரண்டுமே வாசிக்கத் தெரியாது. "அண்ணா, தெரியாது அண்ணா" என்று நின்றவனுக்கு என்னைவிட அதிகமாகக் கை நடுங்கியது.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பயிற்சிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், மின் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்கள் பட்டியலில் அவன் கையெழுத்து இருக்கிறது. மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று ஒரு மணி நேரம் தமிழில் பேசி, உறுதிமொழி எடுத்து, கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அவ்வளவுதான் பயிற்சி. அன்று பேசியதும் நான்தான், அதனால் இதில் பாதிக் குற்றம் என்னுடையது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். மோட்டாரில் கை வைக்கும் முன்னால் மூன்று பீஸ் (ஃபியூஸ்) கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "கட்டை என் பையில இருக்குதுல்ல, எவன் வந்து போட்டாலும் கரண்ட் வராது தம்பி" என்பார். அப்புறம் பீஸ் கட்டை போய் பிரேக்கர் வந்தது, பையில் போட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் போனது, அந்த இடத்தில் நாங்கள் ஒரு அட்டையைத் தொங்கவிட்டோம். லாக் அவுட் டேக் அவுட் என்று இன்று சொல்வது அந்த அண்ணன் செய்ததைத்தான்: பிரேக்கரை இறக்கிய நிலையில் பூட்டு, சாவி வேலை செய்கிறவன் பையில். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு.

அதற்குப் பிறகு பயிற்சியைப் பேனல் முன்னாலேயே வைத்தேன், பத்துப் பத்துப் பேராக, இந்தி தெரிந்த ஒரு ஃபிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதலில் ஒரு 60 வாட் குண்டு பல்பை எரியவிடுவேன். இதில் ஓடுவது கால் ஆம்பியர், அதாவது 250 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். உடம்பில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம், 50, 100 என்று போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். இந்த பல்பு எரியத் தேவையானதில் பாதிகூட வேண்டாம் ஒரு ஆளைக் கொல்ல. இதைச் சொல்லிவிட்டு லோடு அதிகமானால் தானாக விழும் 32 ஆம்பியர் எம்சிபியைக் காட்டி, இது எத்தனையில் விழும் என்று கேட்பேன். எம்சிபி கம்பி கருகாமல் இருக்கத்தான், ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் உடனே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்காது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை ஒவ்வொருவரையும் அழுத்திப் பார்க்கச் சொல்வேன்.

பெடஸ்டல் ஃபேனின் ஒயரைப் பிளக் இல்லாமல் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் அடைத்து வைத்திருப்பார்களே, அதையும் அப்படியே கொண்டுவந்து காட்டுவேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. செருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும், அதற்குத்தான். கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம் வேலை செய்கிற இடம், மறுபடி கரண்ட் இருக்கிற இடம். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா இடத்திலும் "இல்லை" என்றுதான் காட்டும்.

ஷாக் அடித்தவனைத் தொடாதே, முதலில் மெயினை இறக்கு என்பதை வாயால் சொல்லி விடுவதில்லை, ஓடிப்போய் இறக்க வைப்பேன். மூச்சு இல்லையென்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காமல் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. அமுங்க, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஒரு பக்கம் 108-க்கு போன் போக வேண்டும்.

பூட்டு வந்த மூன்றாவது மாதம் ஒரு ஃபிட்டர் பூட்டை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி 11 மணிக்கு பைக்கில் போய் அவரைக் கூட்டிவர வேண்டியதாயிற்று, அதுவரை மெஷின் நின்றது. மறுநாள் மேலே கூப்பிட்டு, ஒரு டூப்ளிகேட் சாவி செய்து ஆபீசில் வைத்துவிடலாமே என்றார்கள். முடியாது சார் என்றேன். ஏன் என்று கேட்டபோது பேனலிடம் கூட்டிப்போய், அந்த ஒடிசா பையன் கைப்பிடியைத் தூக்கிய இடத்தைக் காட்டினேன்.