பந்தி மாறிய கொமென்டுகள்

பெப்ரவரி 3

நெல் ஆலைகளுக்கான கணக்கு மென்பொருளுக்கு வழிகாட்டி எழுதுவது என் வேலை. கல்லடியில் வீட்டு முன்னறைதான் ஒபிஸ். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இது உதவியதா? ஆம் / இல்லை' என்று பட்டன் வைத்து மூன்று மாதம். நெல் எடை பதியும் பக்கத்தில் 'இல்லை' குவிந்து கிடக்கிறது. எந்த வரி விளங்கவில்லை, அல்லது கரண்ட் போன எரிச்சலில் குத்தினார்களா, ஒரு மண்ணும் தெரியாது. நாளை சுதந்திர தின லீவு, அதற்குள் இதைக் கழற்றிவிட வேண்டும்.

பெப்ரவரி 5

கழற்றியாயிற்று. இனி பந்திக்குப் பந்தி கொமென்ட். பிஎச்பி என்ற நிரல்மொழியின் கையேட்டில் பக்கத்தின் அடியில் பயனர் குறிப்புகள் வருமே, சிலது உயிரைக் காப்பாற்றும், சிலது பத்து வருடம் பழசு, இன்றைய பதிப்பில் செய்தால் உதைக்கும். அதனால் கொமென்டோடு மென்பொருளின் பதிப்பு எண்ணும் சேர்ந்தே பதிகிற மாதிரிச் செய்தேன். பந்தியை அடையாளம் காண வரிசை எண்: 7ஆம் பக்கம், 3ஆம் பந்தி. சுலபம் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 9

சம்மாந்துறை ஆலைக் கணக்கர் நானா போன் எடுத்தார். "தம்பி, நான் ஈரக் கழிவப் பத்திக் கேட்டா நீங்க பிரிண்டரப் பத்திப் பதில் போட்டிரிக்கீங்க!"

பிழை என்னுடையது. வெள்ளிக்கிழமை பக்கத்தின் தலையில் ஓர் எச்சரிக்கைப் பந்தி சேர்த்தேன், எல்லாக் கொமென்டும் ஒரு பந்தி தள்ளிப்போய் அடுத்தவன் வீட்டு வாசலில் நின்றது. அவருடைய கேள்வியோ நல்ல கேள்வி. ஈரக் கழிவு என்றால் ஈரத்துக்காக நெல் எடையில் கழிப்பது. அரசாங்கம் நெல் வாங்கும் அளவு 14 சதவீத ஈரம், எங்கள் உதாரணமும் அதோடு முடிந்துவிடுகிறது. ஆலைக்காரர் காயாத பச்சை நெல்லும் எடுக்கிறார்கள், 14ஐத் தாண்டினால் கழிவை எந்தப் பெட்டியில் போடுவது என்று நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

பெப்ரவரி 10

வரிசை எண் சரிவராது. பந்தியின் எழுத்துகளையே கணித்து அடையாளம் எடுக்கலாம், ஆனால் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அடையாளம் மாறி, கொமென்ட் அநாதையாகிவிடும். வழிகாட்டிகளை இணையப் பக்கங்களாக்கும் ஸ்பிங்ஸ் என்ற மென்பொருள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: பழைய பந்தியையும் புதியதையும் லெவன்ஷ்டைன் தூரத்தால் ஒப்பிட்டு, போதுமான ஒற்றுமை இருந்தால் பழைய அடையாளத்தையே கொடுக்கும். எத்தனை எழுத்தைச் சேர்த்து, நீக்கி, மாற்றினால் ஒன்று மற்றதாகும் என்று எண்ணுகிற 1965ஆம் ஆண்டுக் கணக்கு அது. (யூனிகோடில் எண்ணும்போது எங்களுக்கு இரண்டெழுத்தான 'நெல்' அதற்கு நான்கு.) அழகான வழிதான், ஆனால் நான் ஒரு பந்தியை இரண்டாக உடைத்தால் கொமென்ட் எந்தப் பாதிக்குப் போகும்? அதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒவ்வொரு பந்திக்கும் கையாலேயே ஒரு சிறு பெயர் கொடுத்தேன், 'ஈரக்கழிவு' என்கிற மாதிரி. கொமென்ட் உள்ள பெயர் ஒன்று காணாமல் போனால் தளத்தின் புதிய பதிப்பு வெளியாகாது, நின்று என்னைத் திட்டும். சலிப்பான வேலை. இரவு பதினொன்றரை வரை இருந்தேன்.

பெப்ரவரி 14

தேடல் பெட்டியின் பதிவைப் பார்த்தேன், அதிலும் விடை கிடைக்காத தேடல்களை மட்டும். 'ஈரம்', 'ஈரக்கழிவு', 'பச்ச நெல்லு'. நாங்கள் பக்கம் முழுக்க எழுதி வைத்திருப்பது 'ஈரப்பதன் சீராக்கம்'. யார் பேசுகிற தமிழ் இது? நான்தான் எழுதினேன், அது வேறு கதை. கொமென்டே போடாதவர்களும் இங்கே தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தலைப்பை மாற்றிவிட்டேன், பழைய சொல்லும் தேடலில் அகப்படும்.

பெப்ரவரி 19

அறுவடை மும்முரம், ஆலைகளில் யாருக்கும் கொமென்ட் எழுத நேரமில்லை. வாட்ஸ்அப்பில் குரலாக வருகிறது, கேட்டு, எழுதி, உரிய பந்தியின் பெயரில் நானே பதிகிறேன். பச்சை நெல் பந்தியை நானா சொன்ன வரிசையிலேயே எழுதி நேற்று அவருக்கு அனுப்பினேன். இன்று காலை பதில், பின்னால் மெஷின் இரைச்சல்: "இப்ப விளங்குது தம்பி. மறுகா, அந்தச் சாக்குக் கணக்கப் பத்தி எழுதினது ஆரு? அது முழுப் பிழ."