கூரை போட்ட பொருட்காட்சி

கோடை விடுமுறை முடிவதற்குள் திருவனந்தபுரம் லுலு மாலைப் பார்த்தே தீர வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆச்சியையும் மதினியையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று நாற்கரச் சாலையில் பறந்த வண்டி மார்த்தாண்டத்தை நெருங்கியதும் ஊர்ந்தது. ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

ஆக்குளத்தில் புறவழிச்சாலையை ஒட்டி நிற்கும் அந்த மால் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது; பரப்பு சுமார் 20 லட்சம் சதுர அடி. கடைகளைப் பற்றி எழுத அதிகமில்லை, திருநெல்வேலி வண்ணார்பேட்டைத் துணிக்கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு அவை புதிதல்ல. பிள்ளைகள் வந்தது ஃபன்ட்யூரா என்ற உள்ளரங்க விளையாட்டுப் பகுதிக்காக.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையொட்டி எங்கள் ஊரில் நடக்கும் பொருட்காட்சியில், ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாக வரிசையில் நின்று, கசங்கிய நோட்டை நீட்டி, சீட்டு வாங்க வேண்டும். நான்காவது சீட்டுக்குள் பெரியவர்களின் முகம் மாறிவிடும், பிள்ளைகளும் அதைக் கண்டு அடங்கிவிடுவார்கள். இங்கே முன்பணம் ஏற்றிய அட்டை ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னவன் அதைக் கருவியில் காட்டுவதும், விளக்கு மின்னுவதும், மோதும் காரில் போய் உட்காருவதும் அரை நிமிட வேலை. காசு கைமாறுவது கண்ணில் படாததால் அவனை அதட்ட எனக்கும் தோன்றவில்லை. இரண்டாம் முறை பணம் ஏற்றியபோதுதான் சுதாரித்தேன்.

ஆச்சி ஒரு பெஞ்சில் அமர்ந்து எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தாள். “ஏல, இது நம்ம பொருட்காட்சிதாம்ல. மேல கூரை போட்டிருக்கான், தூசி இல்ல, அவ்வளவுதான்” என்றாள். டெல்லி அப்பளம் கிடைக்காததை மட்டும் ஒரு குறையாகச் சொன்னாள்.

உள்ளே வெயிலும் தெரியாது, பொழுதும் தெரியாது. மதியமென்று நினைத்து வெளியே வந்தால் இருட்டத் தொடங்கியிருந்தது. அதன்பின் நடந்தது முழுக்க என் கவனக்குறைவு: சுமார் 3,500 வண்டிகள் நிற்கக்கூடிய இடத்தில், எந்தத் தளத்தில் காரை விட்டேன் என்பதே நினைவில்லை. பிள்ளைகளின் விளையாட்டை நினைத்துக்கொண்டே இறங்கியதால் தள எண்ணைப் பார்க்கவில்லை. மதினியும் நானும் இரண்டு தளங்களை அரை மணி நேரம் சுற்றினோம்.

“லிஃப்டுக்கு எதுத்தாப்ல மூணாவது தூண்ல, பச்ச கோடு போட்டிருந்துது” என்றாள் ஆச்சி. அடுத்த தளத்தில் அப்படியே நின்றது கார். எப்படி நினைவு வைத்தாய் என்று கேட்டதற்கு, “கோயில் வாசல்ல செருப்ப விட்டா தூணப் பாத்து வைக்க மாட்டமா?” என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.