படாளம் தாண்டியதும் நின்ற கார்

தீபாவளி முடிந்த ஞாயிறு ராத்திரி, நானும் சித்தப்பாவும் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். படாளம் தாண்டியதும் முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். நின்றோம், ஊர்ந்தோம், மறுபடி நின்றோம். இருபது நிமிஷம் கழித்து, மதகைத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் ஓட ஆரம்பித்தது. விபத்து இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே ஒரு மாடுகூட இல்லை.

"இவ்ளோ நேரம் எதுக்குடா நின்னோம்?" என்றார் சித்தப்பா.

நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுப்பவன். சும்மா இருப்பேனா? ஜப்பான் கதையை எடுத்துவிட்டேன். யூகி சுகியாமா என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத் தடத்தில் 22 கார்களை விட்டு, எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள் என்றார்கள். சிக்னல் கிடையாது, குறுகலும் கிடையாது. கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுற்றிய கார்கள், பிறகு ஓரிடத்தில் கொத்தாகத் தேங்கின. 2008இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

ஒரு காருக்குக் கிடைத்த இடம் பத்தரை மீட்டர். அதில் காரே நாலு மீட்டருக்கு மேல் தின்றுவிடும். மிச்சம் ஆறு. 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு எட்டு மீட்டர் ஓடுகிறோம். முன்னவன் மெதுவானதைப் பார்த்து நம் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட, அவனைவிடக் கொஞ்சம் அழுத்தி மிதிப்போம். பின்னால் வருபவன் இன்னும் கொஞ்சம். இப்படியே போய், பத்திருபது வண்டி தள்ளி ஒருவன் மொத்தமாக நிற்பான்.

கார்கள் முன்னால் போக, தேக்கம் மட்டும் பின்னால் நகரும், மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில். பாலாற்றுப் பாலத்துப் பக்கம் எவனோ செல்போனைப் பார்த்துவிட்டு அடித்த பிரேக், அரைமணி கழித்து பத்து கிலோமீட்டர் பின்னால் வந்து நிற்கும். அடித்தவன் அதற்குள் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டியிருப்பான்.

சித்தப்பா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். "இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா? ரெண்டு வண்டி இடம் விட்டு, செகண்ட் கியர்ல உருட்டிக்கிட்டே வா. முன்னால நின்னவன் கிளம்பறதுக்கும் நீ போய்ச் சேர்றதுக்கும் சரியா இருக்கும். உனக்குப் பின்னால வர்றவன் நிக்கவே வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமெரிக்காவில் டூசான் நகரத்தில் இதே மாதிரி வட்டத்தில் இருபது சொச்சம் கார்களைச் சுற்றவிட்டு, ஒரே ஒரு காரை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அது செய்ததும் இதைத்தான்: துரத்தாமல் இடைவெளி விட்டு ஒரே சீராக ஓடியது. பின்னால் நகரும் அந்தத் தேக்க அலை அடங்கிவிட்டது. 2018இல் வந்த கட்டுரை. என்ன, அந்த வட்டத்தில் ஒரே தடம். நடுவில் நுழைய ஆள் கிடையாது.

செங்கல்பட்டு தாண்டி அடுத்த தேக்கம் வந்தபோது நானும் இடம் விட்டு உருட்டினேன். முதலில் ஒரு ஆம்னி பஸ் மூக்கை நுழைத்தது. அடுத்து ஒரு குட்டியானை.

"வரட்டும் விடு. மறுபடியும் இடம் விடு," என்றார் சித்தப்பா.

மறைமலை நகர் வருவதற்குள் ஐந்து வண்டிகளுக்கு வழி விட்டிருந்தேன். பின்னால் வந்தவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.