நெட் கனெக்‌ஷன் பாஸ்வேர்ட கஸ்டமரே மாத்திக்க விடுங்க

ஊருக்குள்ள ஃபைபர் இழுத்து நெட் குடுக்குற சின்ன ஆபரேட்டருங்க பல பேரு, வீட்டு ரவுட்டர் நெட்ல சேர குடுக்குற யூசர்நேமா கஸ்டமரோட ஃபோன் நம்பர போட்டுட்டு பாஸ்வேர்ட எல்லாருக்கும் 1234ன்னு வச்சுட்டு போயிடுறாங்க, இத பாக்கும்போதெல்லாம் எனக்கு கோவமா வருது. வேற எந்த செக்கும் வைக்கலன்னா உங்க நம்பர் தெரிஞ்ச யாரு வேணா அதே ஆபரேட்டரோட லைன்ல இருந்து உங்க பேர்ல லாகின் பண்ணலாம். டேட்டா போறது கூட பரவால்ல, நாளைக்கு ஏதாவது தப்பு நடந்து போலீஸ் ஐபி அட்ரஸ வச்சு விசாரிச்சா ஆபரேட்டரோட லாகின் பதிவுல நிக்கிறது உங்க யூசர்நேம் தான்.

மாத்தணும்னா ஆபீஸுக்கு ஃபோன் பண்ணுங்கம்பாங்க. புது பாஸ்வேர்ட நாம வாய்விட்டு சொல்லணும், அங்க ஒருத்தர் நோட்டுல எழுதிக்குவாரு. இதுக்கு ஒரு வெப் பேஜ் போட்டா முடிஞ்சுது.

பேஜ் எழுதுறது பெரிய வேலை இல்ல. நிறைய இடத்துல பின்னாடி ஓடுறது ஃப்ரீரேடியஸ், அதாவது லாகின சரிபாக்குற ரேடியஸ் சர்வர் சாஃப்ட்வேர், பாஸ்வேர்ட் எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ராட்செக்னு ஒரு டேபிள்ல இருக்கும், பழைய பாஸ்வேர்ட கேட்டு சரியா இருந்தா அந்த ஒரு வரிய மாத்துனா போதும். ஆனா வெப் சர்வருக்கு அந்த டேபிள மொத்தமா படிக்குற பெர்மிஷன் குடுக்கவே குடுக்காதீங்க, டேட்டாபேஸுக்குள்ளயே ஓடுற ஒரு சின்ன ப்ரோகிராம், அதாவது ஸ்டோர்டு ப்ரொசீஜர், எழுதி அத கூப்பிட மட்டும் விடுங்க. ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா அந்த டேபிள்ல பாஸ்வேர்ட் பெரும்பாலும் அப்படியே படிக்குற மாதிரி தான் கெடக்கும். அதுக்கு காரணமும் இருக்கு. லாகின சரிபாக்குற முறைகள்ல ஒன்னு சாப், இன்னொன்னு பாப். சாப் முறையில பாஸ்வேர்ட் லைன்ல போகவே போகாது, அந்தப் பக்கம் ஒரு ரேண்டம் நம்பர் அனுப்பும், ரவுட்டர் அதையும் பாஸ்வேர்டையும் சேத்து எம்டி5ங்கிற ஹாஷ் (பாஸ்வேர்ட திருப்பி எடுக்க முடியாதபடி உருமாத்துற கணக்கு) போட்டு திருப்பி அனுப்பும், சர்வரும் அதே கணக்க போட்டு பாக்கணும்னா அதுகிட்ட ஒரிஜினல் பாஸ்வேர்ட் இருந்தே ஆகணும். பாப் முறைன்னா ஹாஷ் பண்ணி வச்சுக்கலாம், ஆனா ரவுட்டர்ல இருந்து பாஸ்வேர்ட் அப்படியே கிளம்பி வரும். எதுல போனாலும் ஒரு ஓட்டை இருக்கு, அதனால பில் கட்டுற போர்ட்டலுக்கு தனி பாஸ்வேர்ட் வைங்க, அத பிகிரிப்ட் மாதிரி ஒன்னுல ஹாஷ் பண்ணி வைங்க.

பாஸ்வேர்ட மாத்துனதும் பழைய செஷன் தானா கட் ஆகாது. யாராவது உங்க பேர்ல உள்ள உக்காந்திருந்தா அவன் பாட்டுக்கு ஓட்டிட்டு இருப்பான். எல்லா லைனும் வந்து சேர்ற ஆபரேட்டரோட மெஷினுக்கு பிராஸ்னு பேரு, அதோட 3799 போர்ட்டுக்கு டிஸ்கனெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்புனா தான் வெளிய வருவான். ஆனா அப்படி அனுப்புனா கஸ்டமரோட லைனும் போயிடும், வீட்டு ரவுட்டர் பழைய பாஸ்வேர்டயே திரும்பத் திரும்ப அனுப்பிட்டு நிக்கும், நெட் வராது, மனுஷன் பயந்து போய் ஃபோன் பண்ணுவாரு. அதனால பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே, ரவுட்டர்ல எங்க போய் புது பாஸ்வேர்ட போடணும்னு தமிழ்ல படத்தோட காட்டுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்க சொல்லுங்க. 192.168.1.1 மாதிரி ரவுட்டரோட பேஜ் நெட் இல்லாமலே ஓப்பன் ஆகும்ங்கிறதே பல பேருக்கு தெரியாது.

இன்னொன்னு, பாஸ்வேர்ட் மாத்தணும்னு வர்றவங்கள்ல பல பேர் மாத்த நினைக்கிறது வைஃபை பாஸ்வேர்ட தான். அது ரவுட்டர்ல இருக்கு, ரேடியஸ்ல இல்ல. பேஜ்ல முதல்ல எந்த பாஸ்வேர்டுன்னு கேளுங்க.

கேப்பிட்டல் லெட்டர் ஒன்னு, ஸ்பெஷல் கேரக்டர் ஒன்னு, மாசாமாசம் மாத்துன்னு சட்டம் போடாதீங்க. அமெரிக்காவோட ஸ்டாண்டர்ட்ஸ் அமைப்பான நிஸ்ட் 2017லயே இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுச்சு, நீளமா இருக்கணும், ஏற்கனவே லீக் ஆன லிஸ்ட்ல இருக்கக் கூடாது, அவ்ளோ தான். அப்ப 1234 முதல்லயே அடிபட்டுப் போயிடும்.

மறந்து போனவங்களுக்கு ஓடிபி வேணும், இங்க தான் எனக்கு பெரிய கவலை. எத்தனையோ கனெக்‌ஷன்ல ரிஜிஸ்டர் ஆன நம்பரே ஆபரேட்டரோடது, ஃபார்ம் ஃபில் பண்ற அவசரத்துல லைன்மேன் தன் நம்பர போட்டிருப்பாரு. ஓடிபி போறது அவருக்கு, அப்ப யாரு பாஸ்வேர்ட யாரு மாத்துறாங்க? உங்க போர்ட்டல்ல இன்னிக்கே உள்ள போய் ப்ரொஃபைல்ல எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க, உங்களோடது இல்லன்னா ஐடி ப்ரூஃப் எடுத்துட்டு ஆபீஸுக்கே போய் மாத்திட்டு வாங்க.